ஈகதோ கிராஸோ: அத்திப்பழத்தில் பிறந்த கல்லீரல்

அமெரிக்காவில் வாழும் லத்தீன் மக்கள் (லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்கள்), நாம் ‘ஃபேட்டி லிவர்’ என்பதை ‘ஈகதோ கிராஸோ’ என்பார்கள். ஸ்பானிய மொழியில் ஈகதோ என்றால் கல்லீரல். கிராஸோ என்றால் கொழுப்புள்ள.

ஈகதோவுக்கு வேர் அத்திப்பழம். லத்தீனில் கல்லீரலின் பழைய பெயர் ‘இயேகுர்’. ரோமர்கள் பன்றிக்கும் பெருவாத்துக்கும் அத்திப்பழம் ஊட்டி, ஈரலைக் கொழுக்கவைத்துச் சமைத்தார்கள். அந்தப் பண்டம் ‘இயேகுர் ஃபிகாத்தும்’, அதாவது அத்தி ஊட்டிய ஈரல். நாளடைவில் முதற்சொல் உதிர்ந்துபோய், ‘ஃபிகாத்தும்’ மட்டும் உறுப்பின் பெயராக நின்றுவிட்டது. இத்தாலியனில் ஃபேகதோ, பிரெஞ்சில் ஃபுவா. ஸ்பானியத்தில் முன்னிருந்த ஃபகர ஒலி தேய்ந்து ஈகதோ.

அந்த ஈரலைக் கொழுக்கவைத்தது பழத்தின் சர்க்கரை. ‘கிராஸோ’ என்ற அடைமொழி மறைப்பது இதைத்தான். பெயரைக் கேட்டவர் பன்றிக்கொழுப்பையும் பொரித்த தோலையும் நிறுத்திவிட்டு, சோடாவையும் சர்க்கரை கரைத்த பழத்தண்ணீரையும் தொடர்ந்து குடிக்கிறார். 355 மில்லி கோலா கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய பத்து டீஸ்பூன். அதில் பாதியளவு ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அதன் பெரும்பங்கு கல்லீரலுக்கே போகிறது, மிஞ்சுவது கொழுப்பாகிறது.

இந்த நோயைத் தாமே அனுபவித்துவிட்டுத் தம் தெருவில் அதைப் பற்றிப் பேச வருபவர்களும் உண்டு. இப்படி அக்கம்பக்கத்தில் உடல்நலம் பேசும் பெண்ணுக்கு ‘புரமோத்தோரா’ என்று பெயர். முன்னே நகர்த்துபவள் என்பது வேர்ப்பொருள். பத்து டீஸ்பூன் சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டினால் போதும், பாதி விளக்கம் முடிந்துவிடும். கோபப்பட்டால் பித்தம் பொங்கி ஈரல் கெடும் என்ற ‘பீலிஸ்’ நம்பிக்கை மெக்சிகோக் குடும்பங்களில் ஆழமானது. அதை மறுத்துப் பேசுவதைவிட, ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவரச் சொல்வதே பலன் தரும்.

தாளில் பார்க்கவேண்டியவை ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு நொதிகள் (கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடுபவை), பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டும் ஏஎல்டியின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கற்பலனால் வகுத்தால், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று கணிக்கும் ஃபிப்-4 என்ற எண் கிடைக்கும். வயது 50, ஏஎஸ்டி 60, பிளேட்லெட் 1,50,000, ஏஎல்டி 64 என்றால் விடை 2.5. பிளேட்லெட்டை 150 என்று போடவேண்டும். ஆயிரங்களோடு போட்டால் கணக்கு பொய்யாகச் சின்னதாகிவிடும். 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவருக்கு அந்த வரம்பு 2.0. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இடையில் நின்றால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் என்ற ஸ்கேன் எடுக்கவேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். ஏஎல்டி இயல்பாக இருப்பதை நம்பி விட்டுவிடக் கூடாது, தழும்பு விழுந்த கல்லீரலிலும் அது இயல்பாக இருக்கலாம்.

உடம்பைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் ஒரு மாற்றம் கல்லீரலில் கொழுப்பைத் தேக்குகிறது என்று 2008-இல் தெரியவந்தது. லத்தீன் மக்களிடையே அது மிகுதி. ஒல்லியானவரும் தப்புவதில்லை.

2023-இல் லத்தீன் அமெரிக்கக் கல்லீரல் சங்கம் உட்பட உலக அமைப்புகள் கூடி, ஆங்கிலப் பெயரிலிருந்து ‘ஃபேட்டி’யை எடுத்துவிட்டன. அது நோயாளியை இழிவுபடுத்தும் என்பது ஒரு காரணம். புதுப்பெயரான ‘ஸ்டியட்டாட்டிக் லிவர் டிசீஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்டியட்’, விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

தமிழில் ‘கொழுப்புக் கல்லீரல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடித்தமில்லை. ‘உனக்குக் கொழுப்பு’ என்றால் திமிர் என்றுதான் நம் காதில் விழும். நோயாளியிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? உறுப்பே கொழுப்பாகிவிட்டது போலவும் ஒலிக்கிறது. ‘கல்லீரல் கொழுப்புப் படிவு’ சரியாக இருக்கும். படிந்தது கரையும் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, மருத்துவமும் அதையே சொல்கிறது. வழங்கும் முறை: “கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. 80 கிலோ எடையில் 4 கிலோ குறைந்தாலே படிவு குறையும்; 8 கிலோ குறைந்தால் தழும்பும் ஆறத் தொடங்கலாம்.”