குழாயின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

விடுப்பில் பாலக்கோட்டுக்கு வரும்போதெல்லாம், ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்துவிட்டுக் கடல் எண்ணெய்த் தளங்களில் வேலைக்குச் சேரவிருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, இருபத்தெட்டு நாள் வேலைக்கு இருபத்தெட்டு நாள் விடுப்பு உண்டா, ஹெலிகாப்டரில் அழைத்துப் போவார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். தாங்கள் நிற்கப்போகும் தளத்துக்குள் எங்கெங்கிருந்து குழாய்கள் வந்து சேர்கின்றன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தளப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

கடலில் கண்டுபிடிக்கப்படும் எண்ணெய் வயல்கள் எல்லாமே 1974-இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை போலப் பெரியவை அல்ல. பலவற்றில் எண்ணெய் இருக்கும். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு தளமும், கரை வரை ஒரு குழாயும் போட்டால் செலவுக்குக் கட்டாது. நம் ஊர் பால் சங்கத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இரண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டிலேயே குளிரூட்டும் நிலையம் வைக்க முடியாது. ஊர்ப் பால் முழுவதும் சங்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒன்றாகப் போகிறது. அதைப் போலவே, பக்கத்துப் பக்கத்து வயல்களின் கிணறுகளைக் கடலடிக் குழாய்களால் இணைத்து, நடுவே ஒரு தளத்திலோ, எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் மிதக்கும் கப்பலிலோ கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் ‘கிளஸ்டர்’ மேம்பாடு என்கிறோம். பால் சங்கத்தில் கேனில் ஊற்றுவதற்கு முன் அளவும் கொழுப்பும் பார்ப்பதைப் போல, இங்கும் வயல்களின் உரிமையாளர்கள் வெவ்வேறானால் ஒவ்வொரு வயலின் எண்ணெயையும் கலப்பதற்கு முன் அளந்தாக வேண்டும். அளவுக் கருவியில் தவறு நேர்ந்தால் சண்டை வருவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை அரசும் ஏற்றுக்கொண்டது. 2015-இல் வந்த சிறு வயல் கொள்கையின்படி, 2016-இல் 67 வயல்கள் 46 ஒப்பந்தப் பகுதிகளாக ஏலத்துக்கு வைக்கப்பட்டன. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உள்ள ‘ஆர் கிளஸ்டர்’ என்ற எரிவாயு வயல் 2020 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த தளத்தோடுதான் அது இணைக்கப்பட்டது. காக்கிநாடாவுக்கு அப்பால் ஓஎன்ஜிசியின் கிளஸ்டர் 2 வயல்களில் 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் வந்தது. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம்; ஆழ்கடல் அடியின் குளிரில் அது குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், குழாய்க்குள் குழாய் வைத்துச் சூட்டைக் காக்க வேண்டியிருந்தது.

இணைப்பால் செலவு பகிரப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்தும் அதே குழாயில் வருகிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா தளம் எரிந்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்த ஒரு பம்பை, அந்தச் செய்தி எட்டாத இரவுப் பணியாளர்கள் இயக்கியதில்தான் தீ தொடங்கியது. வால்வுக்கு ஒரு பணி அனுமதிச் சீட்டும் பம்புக்கு வேறொரு சீட்டும் தனித்தனியே இருந்தன. அதன் பிறகு நடந்ததுதான் கிளஸ்டரில் வேலை செய்பவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது. குழாய்களால் பைப்பரோடு இணைந்திருந்த அண்டைத் தளங்களான கிளேமோரும் டார்ட்டனும், தொலைவில் தீ தெரிந்த பிறகும், நிறுத்த அனுமதி வரட்டும் என்று உற்பத்தியைத் தொடர்ந்தன. டார்ட்டனிலிருந்து வந்த எரிவாயுக் குழாய் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வெடித்ததும் தளத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு போய்விட்டது.

நம் நாட்டில், 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் தளத்தில் நடந்ததும் குழாய் சார்ந்த விபத்துதான். விரலில் காயம்பட்ட சமையல்காரர் ஒருவரைத் தளத்துக்கு மாற்றுவதற்காக நெருங்கிய உதவிக் கப்பல், கடலடியிலிருந்து தளத்தின் வெளிப்புறமாக மேலே ஏறிய ‘ரைசர்’ குழாயில் மோதியது. கசிந்த எரிவாயு தீப்பற்றியதில் 22 உயிர்கள் போயின. இரண்டு மணி நேரத்துக்குள் தளமே கடலுக்குள் சரிந்தது.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில், சோதனைக்காக ஒரு அடைப்பு வால்வின் தானியங்கி அமைப்பைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருந்தார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் இருந்த தளத்துக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல் அழுத்தத்தைக் கூட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அளவுமானியைக் கவனித்ததால் விபரீதம் ஏதுமில்லாமல் போயிற்று. பிறகு படிவத்தைப் பார்த்தால், ‘அண்டைத் தளத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா’ என்ற கட்டத்தில் டிக் மட்டும் அழகாகப் போட்டிருந்தது.

ஆகவே, போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து நீருக்கடியில் தப்பும் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடித்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி அணையில் நீந்திப் பழகியவர்களுக்கும் தலைகீழாகச் சீட்பெல்ட்டைக் கழற்றுவது வேறு கலை. தளத்தில் இறங்கிய முதல் நாளே, உள்ளே வரும் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து வருகிறது, அதை அடைக்கும் வால்வு எங்கே உள்ளது, அவசரத்தில் யாரிடமும் கேட்காமல் அதை அடைக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்று கேளுங்கள். பணி மாறும்போது அனுமதிச் சீட்டை வாங்கி வைப்பதோடு நிற்காமல், ஒப்படைப்பவரோடு நடந்து போய் அந்த இடத்தைப் பாருங்கள். புதியவன் அதிகம் கேட்கிறான் என்று சலித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அந்தச் சலிப்பைப் பொருட்படுத்த வேண்டாம்.

சென்ற ஆண்டு பென்னாகரம் பக்கத்திலிருந்து போன பையன் ஒருவன் அண்மையில் அழைத்தான். அவன் தளத்துக்குள் ஐந்து குழாய்கள் வருகின்றனவாம். நான்கின் வால்வுகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். ஐந்தாவதன் கைப்பிடி துருவேறி அசையவே இல்லை என்றான். பதிவேட்டில் எழுதினாயா என்று கேட்டேன். மறுநாள் எழுதிவிட்டு மீண்டும் அழைத்தான்.