வெறும் வயிறும் காலை ஊசியும்: நோயாளியையும் கூட உட்கார வையுங்கள்

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. லேப் வரிசையில் நின்ற ஒரு அம்மா அப்படியே சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 42, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்ததும் கோபமே இல்லாமல் கேட்டார்: "வெறும் வயித்தோட வரச் சொன்னதும் நீங்கதான். காலை ஊசிய ஒருநாளும் விடக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். நான் எதைத் தாயி கேக்குறது?"

வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். விடியுமுன்னே சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, அப்புறம் லேபுக்கு ஒன்று. அவர் விழுந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது.

டெல்டா மாவட்டங்களில் 22 வருஷமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு யார் தவறு என்று தேடினால் யாரும் அகப்படவில்லை. லேபில் சொன்னது சரி. சர்க்கரைப் பிரிவில் சொன்னதும் சரி. சீட்டு கொடுப்பவர் வரிசைப்படிதான் விட்டார். ஆனால் எங்களில் ஒருவருக்கும் முழு வழி தெரியாது. எனக்கு என் வார்டு தெரியும், லேப் தம்பிக்கு அவருடைய ஜன்னல் தெரியும். பஸ் ஏறுவதிலிருந்து மாத்திரைக் கவரோடு வீடு திரும்பும்வரை முழுவதையும் நடந்து பார்ப்பவர் நோயாளி மட்டும்தான். அவரை வெளியே நிற்க வைத்துவிட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்து, மருத்துவமனையை எப்படிச் சீர்ப்படுத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னாலே ஒரு பதில் வரும்: "அதான் கருத்துப் படிவம் வாங்குறோமே சிஸ்டர்." இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. படிவத்தில் என்ன இருக்கிறது? சுத்தம் எப்படி, ஊழியர் கனிவாக நடந்துகொண்டார்களா, நன்று, சுமார், மோசம். டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில், கையெழுத்துப் போடவேண்டிய நாலு தாளோடு ஐந்தாவதாக அதையும் நீட்டுகிறோம். அடுத்த மாதம் இதே வார்டுக்குத்தான் வரவேண்டும் என்று தெரிந்தவர் எதில் டிக் அடிப்பார்? நன்றுதான். பாதிப் பேருக்குப் பேரன்தான் நிரப்பிக் கொடுக்கிறான். சரி, எல்லோரும் மனம் திறந்தே எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஊசியும் போட்டு, பட்டினியும் கிடந்து வந்தீர்களா?" என்று எந்தப் படிவம் கேட்கிறது? கேள்வியை நாம் எழுதினால், நமக்குத் தெரிந்ததைப் பற்றித்தான் பதில் வரும். நமக்குத் தெரியாதது அவர் சொல்ல ஆரம்பித்தால்தான் தெரியும்.

இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. இங்கிலாந்தில் பால் பேட், கிளென் ராபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 வாக்கில் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் தொடங்கியது. நோயாளிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதைப் படம் பிடித்தார்கள். ஊழியர்களிடமும் தனியாகப் பேசினார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் மனம் நொந்தது, எந்த இடத்தில் தெம்பு வந்தது என்று குறித்து, எதை முதலில் மாற்றுவது என்று சேர்ந்து முடிவு செய்தார்கள். மாற்றத்தைச் செய்யும் சிறு குழுக்களிலும் நோயாளிகள் இருந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். குறையைக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடாமல், தீர்வையும் அவரோடு சேர்ந்தே செய்தார்கள்.

எங்களிடம் கேமராவெல்லாம் கிடையாது. ஆறு நோயாளிகள், கூட வந்த இரண்டு பேர், லேப் தம்பி, சீட்டு கொடுப்பவர், மருந்தாளுநர், வாசல் காவலர், நான். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னார், "தேதி எழுதித் தர்றீங்க, எங்க ஊருக்கு பஸ் எப்பன்னு கேட்டிருக்கீங்களா?" அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. வெறும் வயிற்றோடு வருபவர் பழைய சீட்டைக் காட்டி நேரே லேபுக்குப் போகலாம் என்பது அவர்கள் சொன்ன யோசனை. ஊசி மருந்தைப் பஸ் வெக்கையில் தூக்கிவர முடியாது, அதனால் ரத்தம் கொடுத்ததும் இங்கேயே ஊசி போட்டுச் சாப்பிட விடுங்கள் என்பதும் அவர்கள் சொன்னதே. லேப் வாசலில் இத்தனை பேர் பசியோடு நிற்பதை வாசல் காவலர் எங்களுக்கு முன்பே கவனித்திருக்கிறார். அவரிடம்கூட நாங்கள் கேட்டதில்லை.

சக ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிக் கூடுவதாக இருந்தால் மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கூப்பிடாதீர்கள், பயந்துகொண்டு பேசமாட்டார். மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு நடக்கும் நாளில் கூப்பிட்டுவிட்டு, யாரும் வரவில்லை, அக்கறை இல்லை என்று பேசாதீர்கள். அன்றைய கூலியையும் பஸ் காசையும் கொடுங்கள். நாம் சம்பளத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறோம். பெரிய டாக்டர் முதலில் பேசினால் அதற்குமேல் ஒருவரும் பேசமாட்டார்கள், அவர் கடைசியில் பேசட்டும். சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதை அவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரண்டாம் தடவை கூப்பிடாதீர்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் காலை ஊசியையும் மாத்திரையையும் என்ன செய்வது என்று முந்தைய முறையே டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை, எந்தப் பரிசோதனை என்றும் கேளுங்கள். மடியில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொள்ளுங்கள். வரிசையில் கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். டெஸ்ட் போனால் போகட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மாவை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். அறுவடை முடிந்து வருவதாகச் சொன்னார். சாப்பிட்டபின் இரண்டாவது ரத்தம் கொடுக்கும்வரை காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் பெண்கள் எங்கே உட்காருவது என்பதைத்தான் முதலில் பேச வேண்டுமாம்.