இடது விரல் வலிக்கலாம், வலது கை வலிக்கக் கூடாது

கிட்டார் வாங்கிய அன்றே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "முதல் ஒரு மாசம் விரல் எரியும், பொறுத்துக்கோ, அப்புறம் சரியாயிடும்." சரியான அறிவுரைதான். இடது கை விரல் நுனிகளில் எஃகுக் கம்பி பதிந்து தோல் சிவக்கும், தொட்டால் எரியும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்த இடம் காய்த்துப்போய் வலி அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், கேட்டவர்கள் இதை வலது கைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கை வலித்தாலும் பொறுக்கிறார்கள், மணிக்கட்டு வீங்கினாலும் பொறுக்கிறார்கள். என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் சில மாதங்கள் ஓடியிருக்கும்.

நான் பெங்களூரு அல்சூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பக்கம். ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பிஜி அறைகளில் தங்கி ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்திலும் கிட்டார் பிடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். வாசிக்க எனக்குத் தெரியாது. கை எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும்.

ஒருவரைச் சொல்கிறேன். ஆள் தெரியாமல் இருக்க ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன். கோவில்பட்டிக்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரல் வைத்தாலே முகம் சுளித்தார். கிட்டாரா என்று கேட்டதற்கு, "அதனால இருக்காது மேடம், வாரத்துக்கு ஒரு நாள்தான் வாசிக்கிறேன்" என்றார். அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். "அடுத்த தடவை கிட்டாரையும் எடுத்துட்டு வாங்க தம்பி" என்றேன்.

கொண்டுவந்து வாசித்தார். கிட்டாரை விட்டுவிட்டு அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நகத்துக்கு அடியில் ரத்தம் ஓடாத அளவுக்கு கம்பியை மீட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பிக்கை அழுத்திப் பிடித்திருந்தார். வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. மணிக்கட்டு அசையவே இல்லை. தோளிலிருந்து முழுக் கையும் மேலும் கீழும் போய்வந்தது. "ரிலாக்ஸா வாசிங்க" என்று சொன்னதும் இன்னும் இறுகினார். யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் நடக்கும். அந்த வார்த்தையால் ஒரு தசையும் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை முன்கையின் மேல்பக்கத் தசைகள். அவற்றில் பெரும்பாலானவை போய் ஒட்டிக்கொள்ளும் இடம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு. டென்னிஸ் எல்போ என்ற வலி வருவது அங்கேதான். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது. இந்தத் தம்பியின் நாளை யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க வலது கையில் மவுஸ். சாயங்காலம் சில்க் போர்டு நெரிசலில் பைக். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் அதே வலது கையில். அந்த வழியில் மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்த பிறகு சிலர் பைக்கை வீட்டில் விட்டுவிட்டார்கள், அவர்கள் முன்கை தப்பித்தது. இவ்வளவுக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமை பிக். கிட்டார் கடைசியாக வந்து சேர்ந்த ஆள்தான். ஆனால் ஏற்கெனவே களைத்துப்போன தசையிடம் போய் வேலை கேட்கிறது.

அவருக்கு முதலில் மாற்றியது பிக்கைத்தான். கடையில் கொடுத்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த, வளையாத பிக். தனி ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுகிறவர்களுக்கு அது சரி. பல கம்பிகளை ஒரே வீச்சில் மீட்டும் ஸ்ட்ரம்மிங் தொடங்குகிறவர்களுக்கு 0.5, 0.6 மில்லிமீட்டர் போதும். மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் தானே வளைந்து கொடுக்கும். அந்த அடியைக் கை வாங்க வேண்டியதில்லை. பிடி எப்படி இருக்க வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் பிக் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். முதல் வாரம் வாசிக்கும்போதே நழுவி விழும், சில சமயம் கிட்டாரின் வாய்க்குள்ளேயே போய்விடும். விழட்டும். விழாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். பிக்கின் நுனி மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு, கம்பியைத் தாண்டினால் போதும். ஆழமாக இறங்கினால் ஆறு கம்பியிலும் சிக்கிச் சிக்கித்தான் கை நகரும். மேலே வரும் அடியில் ஆறு கம்பியையும் தொட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மெல்லிய மூன்று நான்கு கம்பிகள் ஒலித்தாலே காதுக்கு நிறைவாக இருக்கும்.

அசைவு பெரும்பாலும் முன்கை திரும்புவதிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து கொஞ்சம். ஈரக் கையை உதறும்போது மணிக்கட்டு எப்படித் தானாகத் தொங்கி ஆடுகிறதோ, அப்படி. தோளுக்கு இதில் வேலையே கிடையாது.

இனி தாளம். இதை வாத்தியார்கள் சொல்வார்கள், ஆனால் ஏன் என்பதை எங்கள் தொழில் பக்கத்திலிருந்தும் சொல்லலாம். ஆரம்பக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லித்தரும் ஒரு ஸ்ட்ரம்மிங் உண்டு: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதைச் சிலர் தனித்தனி அடிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். அடி இல்லாத இடத்தில் கையை நிறுத்துகிறார்கள், பிறகு மறுபடி கிளப்புகிறார்கள். ஓடுகிற கையை நிறுத்தவும் தசைதான் வேண்டும். முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால்தான் கை சட்டென்று நிற்கும். ஒரு பாட்டுக்குள் இப்படி நூறு முறை பிரேக் போட்டால் முன்கை கல்லாகிவிடும்.

நம் ஆட்களுக்கு இதற்குச் சுலபமான வழி வாய்ப்பாட்டு வகுப்பில் இருக்கிறது. தக திமி தக ஜுனு என்று வாயால் சொல்லுங்கள். எட்டு எழுத்து. ஒன்றாம் எழுத்துக்குக் கை கீழே, இரண்டாவதுக்கு மேலே, மூன்றாவதுக்குக் கீழே என்று நிற்காமல் போய்வரட்டும். த, தி, மி, பிறகு இரண்டாவது தகவின் க, ஜு, னு ஆகிய ஆறு இடங்களில் பிக் கம்பியைத் தொடும். முதல் 'தக'வில் வரும் 'க'வுக்கும் இரண்டாவது 'தக'வில் வரும் 'த'வுக்கும் கை அதே வழியில் போகும், கம்பியைத் தொடாமல் காற்றில் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. இது அலுப்பாகத் தோன்றும் அளவுக்கு மெதுவானது. அந்த வேகத்தில்தான் தோள் எப்போது ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதைப் பழகும்போது இடது கையைக் கார்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களால் பிடிக்கும் பிடி) பிடிக்க விடாதீர்கள். விரல்களைக் கம்பிகளின் மேல் லேசாகப் படுக்க வைத்தால் போதும். ஸ்வரம் வராது, சரக் சரக் என்ற சத்தம் மட்டும் வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கை முழு பலத்தோடு இறுகினால் மறு கையும் சேர்ந்து இறுகுவது நரம்பு மண்டலத்தின் பழக்கம். ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டுக்கு இடது கை படும் பாட்டில் வலது கையும் பிக்கை நெரிக்கிறது. அதனால் இரண்டையும் முதலில் பிரித்துப் பழக வேண்டும். கம்பி ரொம்ப உயரத்தில் இருக்கும் கிட்டார்களிலும் இதே கதைதான். கிட்டார் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது வழக்கம். மலிவான கிட்டார்களில் நான்கு வரைகூட இருக்கும். கடையில் கொடுத்து கம்பி உயரத்தைச் சரிசெய்து செட்டப் செய்துவிட்டால் பாதி முரண்டு போய்விடும். சத்தம் அடக்கிப் பழகுவதில் இன்னொரு லாபம், ராத்திரி பத்து மணிக்கு பிஜி ஓனர் கதவைத் தட்ட மாட்டார்.

உட்காரும் இடம். பிஜியில் கட்டிலைத் தவிர வேறு இடம் கிடையாது என்பது தெரியும். கட்டிலில் சம்மணம் போட்டு, கிட்டாரை மடியில் சாய்த்து, எதிரில் போனை வைத்துக் குனிந்து பார்த்தால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். ஆபீஸ் நாற்காலி இருந்தால் அதன் கைப்பிடிதான் எதிரி. கிட்டார் அதில் இடித்து மேலே ஏறும், கூடவே தோளும் ஏறும். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் இரண்டு பாதம், உட்கார்ந்து வாசித்தாலும் தோளில் ஸ்ட்ராப். ஸ்ட்ராப் கிட்டாரைத் தாங்கிக்கொண்டால் வலது முன்கை அதை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

கிட்டாரின் உடம்பும் பார்த்து வாங்க வேண்டியதுதான். கடைகளில் அதிகம் தொங்குவது ட்ரெட்நாட் வடிவம். 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. மார்ட்டின் நிறுவனம் 1916-இல் முதலில் செய்த பெரிய கிட்டாருக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். ஏறத்தாழ ஐந்து அங்குல ஆழம். ஐந்தடி உயரப் பெண் ஒருவர் அதன் மேல் கையைப் போட்டால் தோள் ஏறாமல் எட்டாது. கிட்டாரின் கூர்மையான விளிம்பு முன்கையில் அழுந்தும். முழங்கையை நன்றாக மடக்கியே வைத்திருப்பதால் அதன் உள்பக்கம் ஓடும் நரம்பும் இழுபடும். இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் பாய்வது போல் இருக்குமே, அதே நரம்பு. சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று யாராவது வந்தால் கிட்டாரின் அளவைத்தான் முதலில் கேட்பேன். சின்ன உடம்புக் கிட்டார் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு கற்க வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காக்ஸ் டவுன் அம்மா ஒருவர் வருகிறார். "பசங்க செட்டில் ஆயிட்டாங்க, இப்பதான்மா எனக்கு நேரம்" என்று சொல்லிக்கொண்டு ஆரம்பித்தார். பல வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் ட்ரிகர் ஃபிங்கர், மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல், தோள் இறுகிப்போவது எல்லாமே மற்றவர்களைவிட அதிகம். அதற்காகக் கிட்டாரை விடச் சொல்லவில்லை. எஃகுக் கம்பியை விட்டு நைலான் கம்பி கிட்டாருக்கு மாறச் சொன்னேன். அதன் இழுவிசை வெகுவாகக் குறைவு. விரல் நுனியில் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் வந்தது தெரியாது, ஆகவே வாசித்து முடித்ததும் விரலைக் கண்ணால் பார்க்க வேண்டும். டிசம்பர் காலையில் கை சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். சுடு தண்ணீர் வேண்டாம், அதே உணர்ச்சிக் குறைவு காரணமாக.

எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்? வாசிக்கும்போது முன்கையில் ஒரு களைப்பு, கீழே வைத்ததும் போய்விடுகிறது என்றால் பரவாயில்லை. மறுநாள் காலை பல் துலக்கும்போதும் அந்த வலி இருந்தால், நேற்று வாசித்தது அதிகம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால், அல்லது டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது என்றால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் நரம்புச் சோதனை எழுதிக் கொடுப்பார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலி என்றால், கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் அங்கே தசைநாண் உறையில் அழற்சி இருக்கலாம். இதை 1895-இல் விவரித்த சுவிஸ் மருத்துவர் டி கெர்வைன் பெயரால் அழைக்கிறோம். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வருவது. குழந்தை பிறந்த பின் கிட்டாரைக் கையில் எடுக்கும் அம்மாக்கள் இதை மனதில் வையுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பது, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வாசிப்பது இரண்டும் வேண்டாம். வலிதான் உங்களுக்கு இருக்கும் ஒரே அளவுகோல், அதை அணைத்துவிட்டு எதை வைத்து நிறுத்துவீர்கள்? மணிக்கட்டுப் பட்டை போட்டு ஸ்ட்ரம் செய்வது இன்னும் மோசம். அசைய வேண்டிய மணிக்கட்டைக் கட்டிப்போட்டால் வேலை தோளுக்கும் முழங்கைக்கும் போகும்.

கோவில்பட்டித் தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான்: ஞாயிறு மூன்று மணி நேரம் கூடாது. தினமும் பத்துப் பத்து நிமிடம், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பைக்கிலிருந்து இறங்கிய கையோடு கிட்டாரை எடுக்கக் கூடாது, குளித்து, சாப்பிட்டு, அப்புறம். முதல் வாரம் அடக்கிய கம்பியில் மட்டும். மறுநாள் காலை வலி இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் கூட்டலாம், இருந்தால் அதே அளவு. கூடவே முன்கைக்குக் கொஞ்சம் எடைப் பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும்.

ஆன்லைனில் கற்பவர்களுக்கு ஒன்று. உங்கள் போன் கேமரா முகத்தையும் இடது கை விரல்களையும்தான் காட்டுகிறது. வலது தோளும் முழங்கையும் திரைக்கு வெளியே இருக்கும்போது எந்த நல்ல வாத்தியாராலும் திருத்த முடியாது. மாதத்துக்கு ஒரு வகுப்பிலாவது போனை வலது பக்கம் நகர்த்தி, தோளிலிருந்து பிக் வரை தெரிகிற மாதிரி வையுங்கள். நீங்களும் ஒரு நிமிடம் பதிவு செய்து சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். என்னிடம் வருபவர்கள் அந்த வீடியோவைக் கொண்டுவந்தாலே போதும், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அல்சூர் வரை வர வேண்டியதில்லை.