டெக்சஸ் ப்ரீ-கே: வீட்டு மொழி ‘இங்கிலீஷ்’ என்று எழுதுமுன்

டெக்சஸில் குழந்தையைப் பள்ளியில் பதியப் போனால் நீட்டப்படும் படிவங்களில் ஒன்று வீட்டு மொழி பற்றியது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், குழந்தை என்ன மொழி பேசுகிறது, அவ்வளவுதான் கேள்வி. நம் ஆட்கள் யோசிக்காமல் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை தமிழ்தான் பேசுவார்கள். ஆனாலும் பிள்ளையை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்த ஒரு சொல்லால் ஒரு வருட இலவச ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) கைவிட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 1 அன்று நாலு வயது நிறைந்த குழந்தைக்கு, பட்டியலில் உள்ள தகுதிகளில் ஏதாவது ஒன்று இருந்தால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பொதுப் பள்ளிகளின் நிர்வாகம்) இலவச ப்ரீ-கே தரவேண்டும்; அப்படித் தகுதியுள்ள குழந்தைகள் பதினைந்து பேராவது அங்கே இருக்கவேண்டும். 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது முழுநாள் வகுப்பு. குறைந்த வருமானம் ஒரு தகுதி. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் இயலாமல் இருப்பது இன்னொரு தகுதி. ஏதாவது ஒன்று போதும், எல்லாம் வேண்டியதில்லை. ஆனால் வருமான வரம்பைப் பார்த்ததுமே ‘இது நமக்கில்லை’ என்று மேற்கொண்டு படிக்காமல் விட்டுவிடுகிறோம். மொழித் தகுதியில் வரும் குழந்தைக்கு அப்பாவின் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை.

படிவத்தில் தமிழ் என்று எழுதினால் மட்டும் இடம் உறுதியாகிவிடாது. குழந்தைக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள். டே-கேரில் இரண்டு வருடம் இருந்து ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டும் பிள்ளைக்கு இந்த வழி கிடைக்காது. அதற்காகப் பொய் எழுத வேண்டாம். வீட்டில் பேசுவதை அப்படியே எழுதுங்கள். ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டீர்களா? சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், பரீட்சை வைப்பதற்கு முன், எழுத்தில் கேட்டால் திருத்தலாம். அதற்கப்புறம் கெஞ்சினாலும் நடக்காது.

இன்னொன்று. சில டிஸ்ட்ரிக்டுகள் காசு வாங்கிக்கொண்டும் ப்ரீ-கே இடம் தருகின்றன. போன் செய்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ‘இலவசத் தகுதிக்குப் பரீட்சை எப்போது?’ என்று நீங்களாகக் கேட்கும்வரை அந்தப் பேச்சே வராது.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது பேச்சு வராத குழந்தைகளின் விஷயம். மூன்று வயதாகியும் பத்து வார்த்தை தாண்டவில்லை. ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று ஊரிலிருந்து மாமியார் சொல்கிறார். ‘இரண்டு மொழி பேசுவதால்தான் குழம்புகிறான், தமிழை நிறுத்துங்கள்’ என்று இங்கே யாரோ ஒருவர் சொல்கிறார். இரண்டுமே வீண் பேச்சு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குழந்தைக்குச் சிறப்புக் கல்வி உதவி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டையும் குழந்தையின் தாய்மொழியில் செய்யவேண்டும், அறவே முடியாவிட்டால் ஒழிய. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இந்தியா என்றதும் இந்தி பேசுகிறவரை அழைத்து உட்கார வைத்த கூத்தும் நடந்திருக்கிறது.

மூன்று வயதுக்குள் என்றால், வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளுக்கு உதவும் ஈசிஐ (ECI) என்னும் மாநிலத் திட்டம். மூன்று வயது ஆனால் அது நின்றுவிடும், பொறுப்பு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு வரும். பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே இந்தக் கைமாற்றம் பற்றிய கூட்டம் நடக்கவேண்டும். சரியாக அந்த நேரத்தில் நாம் டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விடுவோம். திரும்பி வரும்போது ஈசிஐ கோப்பு மூடியிருக்கும், டிஸ்ட்ரிக்டில் கோப்பே திறந்திருக்காது.

டிஸ்ட்ரிக்டில் நடப்பது இது: நீங்கள் போன் செய்வீர்கள். ‘டாக்டர் சான்று கொண்டு வாருங்கள்’, ‘முதலில் ப்ரீ-கேயில் போட்டுப் பார்ப்போம்’, ‘ஆகஸ்டில் கூப்பிடுங்கள்’ என்பார்கள். ஒன்றுக்கும் சட்ட ஆதாரம் இல்லை. மதிப்பீடு கேட்க டாக்டர் சான்று தேவையில்லை. வகுப்பில் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மதிப்பீடு என்று தள்ளிப்போடக் கூடாதென்று 2016-இலேயே மத்தியக் கல்வித் துறை சொல்லிவிட்டது. ஆனால் போனில் பேசியதற்குக் கணக்கில்லை. ஆகவே டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கு இமெயில் போடுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, என்ன கவலை, முழு மதிப்பீடு வேண்டும், நாலே வரி. அது போய்ச் சேர்ந்ததும் 15 பள்ளி நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும்.

இதே டெக்சஸ், சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் பல வருடம் பார்த்துக்கொண்டது. 2016-இல் பத்திரிகைச் செய்தியாகி, 2018-இல் மத்திய அரசு அதைச் சட்டமீறல் என்றது. ஆகவே ‘தேவையென்றால் அவர்களே சொல்வார்களே’ என்று காத்திருக்காதீர்கள்.

நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மதிப்பீட்டை முடிக்க 45 பள்ளி நாள் அவகாசம். பள்ளி நாள் என்ற சொல்லைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை எதுவும் கணக்கில் வராது. ஏப்ரல் நடுவில் கையெழுத்துப் போட்டால் கோடை முழுக்கக் கடிகாரம் நின்றுவிடும், ஆகஸ்டில்தான் மறுபடி ஓடும். ஜனவரியிலேயே இமெயில் போட்டுவிடுவது நல்லது.

டே-கேரை விட்டால்தான் ஸ்பீச் தெரபி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று, நாலு வயதுக் குழந்தை தனியார் இடத்தில் இருந்துகொண்டே பொதுப் பள்ளியிலும் பதிந்து தெரபி பெற டெக்சஸ் விதி இடம் கொடுக்கிறது. இதை அவர்களாக வாய் திறந்து சொல்வது அபூர்வம்.

கடைசியில் ஏஆர்டி (ARD) கூட்டம், குழந்தைக்கு என்ன உதவி என்று பள்ளியும் பெற்றோரும் உட்கார்ந்து முடிவு செய்வது. மேஜைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர், இந்தப் பக்கம் நீங்கள் மட்டும். அவர்கள் நீட்டும் திட்டத்தில் வாரத்துக்கு எத்தனை நிமிடம் தெரபி என்ற இடத்தை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உடனே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. உடன்பாடு இல்லையென்றால் கூட்டத்தை ஒரு முறை 10 பள்ளி நாள் வரை ஒத்திவைக்கும் வாய்ப்பை அவர்கள் தந்தாக வேண்டும். கேளுங்கள், மதிப்பீட்டு அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.