சொல் விளக்கம்: கிளைசீமிக் குறியீடும் முகப்பருவும்

பேரங்காடியில் அரிசி அடுக்கியிருக்கும் வரிசைக்குப் போனால், 'லோ ஜிஐ' என்று அச்சிட்ட பைகள் இப்போது தவறாமல் கண்ணில் படும். அதெல்லாம் நீரிழிவு உள்ளவர்களுக்கான சமாச்சாரம் என்றுதான் பலரும் கடந்து போவோம். ஆனால் பரு வந்த பிள்ளைகளும் இன்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். "லோ ஜிஐ சாப்பிட்டா பரு போயிடுமாம்மா" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தச் சொல் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜிஐ என்பது கிளைசீமிக் இண்டெக்ஸின் சுருக்கம். 'கிளைசீமிக்' இரண்டு கிரேக்கச் சொற்கள் ஒட்டிப் பிறந்தது. 'கிளைக்கிஸ்' என்றால் இனிப்பு. குளுக்கோஸ், கிளிசரின் எல்லாம் அதன் வழி வந்தவை. 'ஹைமா' என்றால் இரத்தம். ஹீமோகுளோபினின் தலையிலும் அனீமியாவின் வாலிலும் இருப்பது அதுதான். 'இண்டெக்ஸ்' லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல் என்று பொருள்.

இந்த அளவுகோலை 1981இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். 50 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிட வைத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அதே அளவு குளுக்கோஸ் ஏற்றுவதை 100 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். 55, அதற்குக் கீழே என்றால் தாழ்வு. 70, அதற்கு மேலே என்றால் உயர்வு. இங்கே சிங்கப்பூரில், தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதற்கென்றே ஓர் ஆய்வுப் பிரிவு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இனிப்புக் குறியீடு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வழிக்குக் கொண்டுபோகும். வெள்ளைச் சோற்றில் இனிப்பு ஏது? ஆனால் அதன் எண் உயர்வு. 'இரத்தச் சர்க்கரைக் குறியீடு' என்பதும் சரிவராது. அது ஓர் ஆளின் இரத்தப் பரிசோதனை முடிவு போலக் கேட்கிறது. இந்த எண்ணோ உணவுக்கு உரியது. 'சர்க்கரை உயர்த்தல் குறியீடு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உணவு செய்யும் வேலையை அது சொல்லிவிடுவதால் என் ஓட்டு அதற்குத்தான். 'குறியீடு' எண்ணைக் குறிக்குமா என்று தயங்க வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மணிக்கொரு தரம் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

இதில் சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கோப்பியில் போடுவதை நாம் சீனி என்கிறோம். இரத்தத்தில் ஓடுவதைச் சர்க்கரை என்கிறோம். இந்தப் பிரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 'லோ ஜிஐ' என்பது சீனி குறைந்த உணவு என்று பொருள்படாது. சர்க்கரையை மெல்ல உயர்த்தும் உணவு என்றே பொருள்படும். பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து ஒட்டப்படும் நியூட்ரி-கிரேட் முத்திரையின் ஏ, பி, சி, டி எழுத்துகள் சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும்தான் பார்க்கின்றன. ஆகவே முத்திரையில் 'ஏ' இருக்கிறது, அதனால் லோ ஜிஐ என்று முடிவுகட்ட முடியாது.

கூடவே வரும் இன்னொரு சொல் கிளைசீமிக் லோட், அதாவது சர்க்கரைச் சுமை. 1997இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. குறியீடு வேகத்தை மட்டும் சொல்லும். சுமை, நாம் சாப்பிட்ட அளவையும் கணக்கில் சேர்க்கும். தர்பூசணிக்குப் பரவலாகப் புழங்கும் பட்டியல்களில் குறியீடு 72. பயந்துவிட வேண்டாம்: 120 கிராம் துண்டில் மாவுச்சத்து 6 கிராம்தான், சுமை 4 அளவில் நின்றுவிடும். மல்லிகை அரிசிச் சோறு ஒரு கிண்ணம் சாப்பிட்டால் சுமை 30ஐத் தாண்டும். 20க்கு மேலே போனாலே அதிகம்.

இனிப் பருவுக்கு வருவோம். தமிழில் பருத்தல் என்றால் பெரிதாதல்; தோலில் புடைத்து நிற்பதற்கு அந்தப் பெயர் பொருத்தம். முதுகிலும் மார்பிலும்கூட வருவதால் 'முகப்பரு' என்பது கொஞ்சம் குறுகிய சொல்தான். 'ஆக்னி' என்ற மருத்துவச் சொல்லின் கதை வேடிக்கையானது. உச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'ஆக்மே', ஏடுகளைப் படியெடுத்தவர்களின் கைப்பிழையால் 'ஆக்னே' ஆகிப்போனது என்கின்றன அகராதிகள்.

எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வந்து நிற்கும் என்பார்கள். உடம்பில் நடப்பது அப்படி அல்ல. சருமநெய்யை உண்டாக்குவது தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள். இரத்தச் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்போது கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து, இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியான 'ஐஜிஎஃப்-1' இரத்தத்தில் சுறுசுறுப்பாகிறது. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்களைக் கட்டிப் பிடித்துவைக்கும் புரதமும் குறைகிறது. விளைவு, சருமநெய் கூடுகிறது. மயிர்க்காலின் வாயில் உள்ள தோல் செல்கள் வேகமாகப் பெருகி வழியை அடைக்கின்றன. உள்ளே தங்கிய நெய்யில் பாக்டீரியா பெருகி அழற்சி உண்டாகிறது. பதின்ம வயதில் ஹார்மோன்கள் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். 2007இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், 13 முதல் 19 வயதுவரை உள்ள 1,045 பேரில் 88 விழுக்காட்டினருக்குப் பரு இருந்தது. சாப்பாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நியாயமாகாது.

சான்று என்ன சொல்கிறது? 2002இல் ஆய்வாளர் லோரன் கார்டெயினின் குழு, பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தது. ஒருவருக்குக்கூடப் பரு இல்லை. கிழங்கு, பழம், தேங்காய், மீன் என்று சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஆனால் மரபும் வாழ்முறையும் வேறாக இருப்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னும் உறுதியானது 2007இல் மெல்பர்னில் நடந்த ஆய்வு. 15 முதல் 25 வயதுவரை உள்ள 43 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 12 வாரம் சர்க்கரைச் சுமை குறைந்த உணவு சாப்பிட்டவர்களுக்குப் பருக்கள் சராசரியாக 23.5 குறைந்தன, மற்றவர்களுக்கு 12. ஒரு சிக்கல், முதல் குழுவினர் எடையும் குறைந்திருந்தார்கள். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். 2012இல் கொரியாவில் 32 பேரிடம் 10 வாரம் நடந்த ஆய்வில் நெய்ச்சுரப்பிகளே சிறுத்திருந்தது திசுப் பரிசோதனையில் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும், அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, பருவுக்கென்று இந்த உணவுமுறையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்கிறது. சிலருக்கு உதவலாம், மருந்துக்கு மாற்று அல்ல என்று எடுத்துக்கொள்வதே இப்போதைக்கு நேர்மை.

செய்து பார்க்க நினைக்கிறவர்கள் உணவங்காடியை விட்டு ஓட வேண்டியதில்லை. பாஸ்மதி, மல்லிகை அரிசியைவிடச் சர்க்கரையை மெல்ல ஏற்றும். குழைய வெந்த கஞ்சி 'வயிற்றுக்கு இதம்' என்றாலும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். உணவு ஆய்வாளர் ஜெயக்குமார் ஹென்றி தலைமையில் சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், முதலில் காய்கறி, அப்புறம் இறைச்சி, கடைசியில் சோறு என்று சாப்பிட்டபோது இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. சோற்றோடு வேண்டிய கறிகளைக் காட்டி வாங்கும் 'எக்கானமி ரைஸ்' கடையின் அதே தட்டை வரிசை மாற்றிச் சாப்பிட்டால் போதும், காசு கூடுதலாகச் செலவாகாது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பாலின் குறியீடு தாழ்வுதான், ஆனால் இன்சுலினை அது எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே தூண்டும். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐஸ்கிரீமிலும் சாக்லெட்டிலும் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துவதால் அவற்றின் எண்ணும் பல நேரம் தாழ்வாகவே வரும். அதனால் எண்ணை மட்டும் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

'டயட்' என்பதைப் பத்தியம் என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்தியம் மருந்தோடு தொடங்கி மருந்தோடு முடியும். இங்கே பலன் தெரியவே மூன்று மாதம் ஆகிறது, விட்டால் பழையபடி. 'உணவுமுறை' என்பதே பொருந்தும். பரு சீழ் வைத்துக் குழி விழுகிறது என்றால் அந்த மூன்று மாதமும் காத்திருக்கக் கூடாது. பலதுறை மருந்தகத்துக்குப் போய், தேவைப்பட்டால் தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.