பிடரியில் தட்டி எழுப்பும் பார்வை

சிறு வயதிலிருந்தே ஒரு கண் மங்கலாகவும் மற்றது தெளிவாகவும் இருந்த சிலர், நடு வயதில் விபத்திலோ நோயிலோ அந்த நல்ல கண்ணை இழந்திருக்கிறார்கள். அதன்பின் அவர்களில் சிலருக்கு, மங்கல் கண்ணின் பார்வை தானாகவே கூடியிருக்கிறது. வயது கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட கண் அது! மருத்துவ இதழ்களில் பதிவான இந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், அந்தக் கண்ணுக்குள் இத்தனை காலம் பார்வை எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

இப்படி மங்கிப்போன கண்ணைச் சோம்பல் கண் என்கிறார்கள்; அந்தப் பெயரே அநியாயமானது. கண் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அது அனுப்புவதை மூளை ஏற்பதில்லை. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் குறை உண்டு. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் பெரிதும் வேறுபடுவதாலோ, பிறவிக் கண்புரையாலோ குழந்தையின் மூளைக்கு ஒத்துப்போகாத இரண்டு படங்கள் வருகின்றன. மூளை தெளிவானதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறது. பிறகு சரியான கண்ணாடி போட்டாலும் எழுத்து அட்டையின் கீழ்வரிகள் பிடிபடுவதில்லை. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஒரு கண்ணை மூடச் சொல்லும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

1960களில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தார்கள். திறந்து பார்த்தபோது, மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியின் நியூரான்களில் (நரம்புச் செல்களில்) பெரும்பாலானவை மற்றக் கண்ணின் பக்கம் சாய்ந்திருந்தன. வளர்ந்த பூனைகளுக்கு அப்படி நேரவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற இந்த ஆய்வுகளால், குழந்தைப் பருவத்தோடு வாய்ப்பு முடிந்துவிடும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. நல்ல கண்ணை மறைத்துக் கட்டும் சிகிச்சையும் பெரும்பாலும் சிறுவர்களுக்கு என்றானது.

ஆனால் நல்ல கண் போன பிறகு மங்கல் கண் தெளிகிறது என்றால், இணைப்புகள் முழுதாக அறுந்துபோகவில்லை. அவை அடக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நியூரான்களை அமைதிப்படுத்துகிறது; பலவீனமான கண்ணின் குரலை அமுக்குவதில் அதற்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பிடியை வெளியிலிருந்து தளர்த்த முடியுமா?

அதற்கான கருவி 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினரிடம் பிறந்தது. தலைக்கு மேல் பிடிக்கும் ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் பாய்ந்து நிற்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. சுருளைப் பிடரியில் வைத்தால், கண்ணை மூடியிருக்கும்போதே சிலருக்கு ஒளிப்பொட்டுகள் தெரியும். காந்தத்தின் வீச்சு சில சென்டிமீட்டர்தான். ஆனால் சோம்பல் கண் அதிகம் இழப்பது நடுப்பார்வையை; அந்த நடுப்பார்வையைக் கையாளும் பகுதி மூளையின் பின்முனையில், மண்டையோட்டை ஒட்டியே இருக்கிறது. இயற்கை இங்கே நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது.

2008இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் தாம்ப்ஸன், ராபர்ட் ஹெஸ் ஆகியோரின் குழு, வயது வந்தவர்களிடம் இதைச் சோதித்தது. நொடிக்கு ஒரு துடிப்பும், பத்துத் துடிப்பும் தந்து பார்த்தார்கள். மெல்லிய, மங்கிய கோடுகளைப் பிரித்தறியும் திறன் பலவீனக் கண்ணில் கூடியது. பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. நிலைக்காவிட்டாலும், முடியாது என்ற சொல்லை அது அசைத்துவிட்டது. பின்னர் தொடர்ந்து ஐந்து நாள் தூண்டியபோது பலன் வாரக்கணக்கில் நீடித்தது.

இன்னொரு வழி, தலையில் வைத்த ஈரப் பஞ்சு மின்முனைகள் வழியாக ஓரிரு மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்துவது. அது நியூரான்களை நேரடியாகத் துடிக்கவைப்பதில்லை. எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது. இதிலும் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டது.

இவை எல்லாம் சிறு குழுக்களில் நடந்தவை. இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. காந்தத் துடிப்பு அரிதாக வலிப்பைத் தூண்டக்கூடும். இணையத்தில் விற்கும் மின்கருவியை வாங்கி வீட்டில் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது, தூண்டலைப் பயிற்சியோடு சேர்க்கும் முயற்சி. மின்சாரம் செல்லும்போதே நோயாளி ஒரு வீடியோ விளையாட்டை ஆடுகிறார். படத்தின் ஒரு பகுதி வலுவான கண்ணுக்கு மங்கலாகவும், மறுபகுதி பலவீனக் கண்ணுக்குப் பளிச்சென்றும் போகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் ஆட முடியும். இப்படிச் செய்தவர்களிடம், பயிற்சி மட்டும் பெற்றபோது இருந்ததைவிட ஆழம் காணும் திறன் கூடியது: ஊசியில் நூல் கோக்கவும் படியில் இறங்கவும் இரு கண்களும் சேர்ந்து அளக்கும் அந்த ஆழம்.