கன்னியாவின் சூடும் ஆர்.என்.ஏயின் மடிப்பும்

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதியால் போனால் வரும் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். அந்தியேட்டிக்கு வருபவர்கள் வாளியால் அள்ளி முதலில் காலில் ஊற்றிப் பார்த்துவிட்டே அடுத்த கிணற்றுக்குப் போவார்கள். ஏனெனில் ஏழின் சூடும் ஒன்றல்ல. அந்த வேற்றுமையை உணர நமக்குத் தோலும் நரம்பும் மூளையும் இருக்கின்றன. ஒற்றைக் கலத்தாலான பற்றீரியாவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை; ஆயினும் 30 பாகை செல்சியசையும் 37 பாகையையும் சில பற்றீரியாக்கள் பிரித்தறிகின்றன. அவற்றின் வெப்பமானி ஆர்.என்.ஏ.

பரம்பரையலகின் செய்தி தூது ஆர்.என்.ஏயாகப் படியெடுக்கப்பட்டு, இறைபோசோமில் வாசிக்கப்பட்டுப் புரதமாகிறது என்பதை உயர்தர உயிரியல் மாணவர் எவரும் சொல்வர். பாடநூலில் அந்த இழையை நேர்கோடாக வரைந்துவிடுவதுதான் தொல்லை. உண்மையில் அது, உருளையிலிருந்து கழன்ற தங்கூசியைப் போலத் தன்மேல் தானே மடியும். மடிந்த இடத்தில், இழையின் எழுத்துகளான நான்கு மூலங்களுள் அடெனின் யுராசிலோடும் குவானின் சைற்றோசினோடும் சோடி சேரும். முதற்சோடியை இரண்டு ஐதரசன் பிணைப்புகளும் மற்றதை மூன்றும் பிடித்திருக்கின்றன. தங்கூசிச் சிக்கு வெயிலில் அவிழாது. இந்த மடிப்போ சூடேற அவிழும், எந்தச் சூட்டில் அவிழும் என்பதை அங்குள்ள சோடிகளின் வகையும் எண்ணிக்கையும் ஒழுங்குமே பெரிதும் தீர்மானிக்கின்றன. இறைபோசோம் பற்றவேண்டிய இடம் அம்மடிப்புக்குள் அகப்பட்டிருக்கும்வரை, செய்தி இருந்தும் வாசிக்கப்படாது.

மண்ணிலும் அழுகும் இலைகுழைகளிலும் வாழ்கின்ற, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகக்கூடிய லிஸ்ரீரியா, உணவோடு உடலுக்குள் போனால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தான கிருமியாகும். அதன் நோயாக்கும் பரம்பரையலகுகளை முடுக்கிவிடுவது பி.ஆர்.எஃப்.ஏ என்னும் புரதம். அப்புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏயின் முற்பகுதி 30 பாகையில் மூடியும் நம் உடற்சூடான 37 பாகையில் திறந்தும் இருப்பதை, பாரிஸ் பஸ்தேர் நிறுவகத்தின் பஸ்கால் கொசார்ட் குழுவினர் 2002இல் காட்டினர்.

அதைக் காட்டிய விதம் எனக்குக் கண்டுபிடிப்பைவிடவும் பிடிக்கும். அந்த முற்பகுதியை மட்டும் வெட்டி, பச்சையாக ஒளிரும் புரதத்தின் பரம்பரையலகோடு ஒட்டி, லிஸ்ரீரியாவோடு உறவில்லாத ஈ. கோலை என்னும் பற்றீரியாவுக்குள் வைத்தார்கள், 37 பாகையில் வளர்ந்தவை ஒளிர்ந்தன, 30 பாகையில் வளர்ந்தவை ஒளிரவில்லை. பிறகு மடிப்பு தளரும்படி எழுத்துகளை மாற்றியபோது, லிஸ்ரீரியா 30 பாகையிலேயே விலங்குக் கலங்களுக்குள் நுழைந்தது.

ஆர்.என்.ஏ ஆய்வைத் தொழிலாகக் கொண்டவரின் பல வருடங்கள் இப்படி ஓர் எழுத்தை மாற்றி விளைவுக்குக் காத்திருப்பதிலேயே கழியும். கையுறை இல்லாமல் தொட்டால் தோலிலுள்ள நொதியங்கள் இழையைச் சிதைத்துவிடும் என்பதால், பல நாள் வேலை ஒரு விரல் பட்டும் வீணாகலாம்.

ஈ. கோலையிடமும் இதே உத்தி உண்டு. சூடு மிகுந்து புரதங்கள் குலையத் தொடங்கும்போது காப்புப் புரதங்களை ஆக்குவிக்கும் சிக்மா 32 என்னும் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ, சாதாரண வெப்பநிலையில் மடிந்தே கிடக்கிறது. 42 பாகையை நெருங்கும்போது, புதிதாகப் படியெடுக்கும் வரை காத்திராமல், ஏற்கெனவே எழுதி மடித்து வைத்திருந்த செய்தியையே இறைபோசோம் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.